குவேசார் நிறமாலையில் உட்கவர் கோடுகளைப் படிப்பது எப்படி?

குவேசார் என்பது தொலைதூர விண்மீன் திரளின் மையத்தில், பெருங்கருந்துளையைச் சுற்றி மிகப் பிரகாசமாக ஒளிரும் பகுதி. அதன் ஒளி நம்மை வந்தடையும் வழியில் குறுக்கிடும் வளிம மேகங்கள் பெரும்பாலும் நேரடியாகப் பார்க்க இயலாத அளவுக்கு மங்கலானவை. ஆனால் அவற்றிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் அந்த ஒளியை உட்கவர்ந்து, நிறமாலையில் குறுகிய பள்ளங்களை உண்டாக்குகிறது. அப்பள்ளங்களில் ஒன்றைக் கண்டுபிடித்து, அது எந்தத் தனிமத்துடையது என்று உறுதிசெய்து, அளந்து பார்ப்பது வரை இங்கே படிப்படியாகக் காண்போம். பைத்தானில் ஒரு வரைபடம் வரையத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: பொருத்தமான குவேசார்

ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்ற வானக் கணக்கெடுப்பின் நிறமாலைகளை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். பிரபஞ்சம் விரிவதால் வரும் வழியில் ஒளியின் அலைநீளம் நீள்வதே செம்பெயர்ச்சி. அதன் மதிப்புடன் 1-ஐக் கூட்டினால், அலைநீளம் எத்தனை மடங்கானது என்று தெரியும். தொடக்கத்தில், உமிழ்வுச் செம்பெயர்ச்சி (குவேசாருக்கே உரியது) 1.5 முதல் 1.9 வரை உள்ள குவேசாரையே தேர்ந்தெடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோட்டின் அலைநீளம் 1215.67 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). செம்பெயர்ச்சி 2-ஐத் தாண்டிய குவேசார்களில், அதன் உமிழ்வுக்கு நீலப் பக்கமாக, அதாவது குறைந்த அலைநீளங்களில், நூற்றுக்கணக்கான ஹைட்ரஜன் கோடுகள் காடுபோல அடர்ந்து நிற்கும். வானியலாளர்களும் அதை லைமன்-ஆல்ஃபா காடு என்றே அழைக்கிறார்கள். புதியவர் அதற்குள் நுழைந்தால் எந்தப் பள்ளத்திற்கும் எந்தப் பெயரையும் சூட்டிவிட முடியும்.

இரண்டாம் படி: கோப்பைத் திறத்தல்

கோப்பைப் பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகத்தால் திறக்கலாம். அதில் அலைநீளம் நேரடியாக இராது. பத்தடி மடக்கையாகவே இருக்கும் என்பதால், 10-இன் அடுக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பிழையின் நேர்மாறு வர்க்கம் (1/பிழை²) தனி நெடுவரிசையில் இருக்கும். அது சுழியாக உள்ள இடங்களைப் பயன்படுத்தாதீர்கள். இரு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையேயான வேறுபாடு மடக்கையில் 0.0001, அதாவது திசைவேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 69 கி.மீ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாம் படி: தொடர் ஒளி மட்டம்

பள்ளத்தின் ஆழத்தை அளக்க, பள்ளமே இல்லாதிருந்தால் ஒளி எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். பள்ளங்களை விலக்கிவிட்டு, மற்றப் புள்ளிகளின் வழியே மென்மையான வளைவு ஒன்றைப் பொருத்தி, நிறமாலையை அதனால் வகுத்துவிடுங்கள். வளைவு, குவேசாரின் அகன்ற உமிழ்வு மேடுகளின் மீதும் ஏறி இறங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேட்டின் சரிவில் விழும் கோடு அப்போது தவறான அளவையே தரும்.

நான்காம் படி: கோட்டை இனங்காணல்

இதுதான் வேலையின் மையம். இங்கே அவசரப்படவே கூடாது. ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியான மக்னீசியம் 2796.35, 2803.53 ஆங்ஸ்ட்ராம்களில் இரட்டைக் கோடுகளைத் தருகிறது. செம்பெயர்ச்சி எல்லா அலைநீளங்களையும் ஒரே எண்ணால் பெருக்குவதால், இவ்விரண்டின் விகிதமான 1.00257 எவ்வளவு தொலைவிலும் மாறாது. கரிமத்தின் 1548.20, 1550.77 இரட்டைக்கு அதே விகிதம் 1.00166, ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமில்லை.

எடுத்துக்காட்டாக, செம்பெயர்ச்சி 1.8 உள்ள ஒரு குவேசாரில் 6151.97, 6167.77 ஆங்ஸ்ட்ராம்களில் இரு பள்ளங்கள் தெரிகின்றன என்று கொள்வோம். விகிதம் 1.00257, எனவே மக்னீசியம்தான். 6151.97-ஐ 2796.35-ஆல் வகுத்தால் 2.2 வரும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் மேகத்தின் செம்பெயர்ச்சி 1.2, அதாவது ஏறத்தாழ 850 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வளிமம். இத்தோடு நிறுத்தாமல், இரும்பின் 2382.76, 2600.17 கோடுகள் 5242.07, 5720.37 ஆங்ஸ்ட்ராம்களில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதலாவது, 5345 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி எழும் கரிம உமிழ்வு மேட்டின் நீலச் சரிவில் விழுகிறது. மூன்றாம் படியின் எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகிறது.

6870, 7600 ஆங்ஸ்ட்ராம்களை ஒட்டிய பள்ளங்களைத் தொடாதீர்கள். அவை நமது வளிமண்டல ஆக்சிஜனுடையவை.

ஐந்தாம் படி: சமான அகலம்

மட்டத்தை 1 என்று கொண்டு, பள்ளத்தின் பரப்பைக் கூட்டினால் கிடைப்பது சமான அகலம். நமது எடுத்துக்காட்டில் இரு கோடுகளுக்கும் 1.76, 1.32 ஆங்ஸ்ட்ராம் கிடைத்தால், செம்பெயர்ச்சி அகலத்தையும் நீட்டியிருப்பதால் 2.2-ஆல் வகுத்து 0.80, 0.60 என்று எழுத வேண்டும். வளிமம் மெலிதாக இருந்தால் இவற்றின் விகிதம் 2-ஐ ஒட்டி இருக்கும். முற்றிலும் தெவிட்டிவிட்டால், அதாவது கோட்டின் நடுவில் உட்கவர ஒளியே மிஞ்சாவிட்டால், 1-ஐ நெருங்கும். இங்கே 1.33 என்பதால் கோடு தெவிட்டலுக்கு உட்பட்டிருக்கிறது. ஆகவே நேர்விகிதச் சூத்திரம் தரும் சதுர செ.மீ.க்கு 1.9 × 10^13 மக்னீசியம் அயனிகள் என்பதைக் கீழெல்லையாக மட்டுமே குறிப்பிட முடியும்.

அடிப்படை இயற்பியலுக்குள்

மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண் கட்டமைப்பு மாறிலி, ஏறத்தாழ 1/137, மேகத்தின் ஒளி புறப்பட்ட காலத்தில் வேறாக இருந்திருந்தால், இரும்புக் கோடுகள் மக்னீசியக் கோடுகளைவிட அதிகமாக இடம்பெயர்ந்திருக்கும். மாறிலி ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மாறினால், 2382.76 கோட்டின் பெயர்ச்சி நொடிக்குச் சுமார் 200 மீட்டர்தான். ஸ்லோன் நிறமாலையின் ஒரு புள்ளியே 69 கி.மீ. என்பதால், அதில் இதைத் தேடுவது வீண்.

1999-இல் வானியலாளர் ஜான் வெப்பும் (Webb) அவருடைய குழுவினரும் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் நிறமாலைகளைக் கொண்டு, மாறிலி முற்காலத்தில் சற்றே சிறியதாக இருந்தது என்று அறிவித்தனர். 2011-இல் சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியின் தரவு எதிர்த்திசையைக் காட்டியது. பின்னர், சிறுகோள்கள் எதிரொளித்த சூரிய ஒளியைக் கொண்டு சோதித்தபோது, இக்கருவிகளின் அலைநீள அளவுகோலே ஆயிரம் ஆங்ஸ்ட்ராமுக்கு நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் அளவில் கோணியிருந்தது தெரியவந்தது. தேடிய மாற்றமும் கருவியின் பிழையும் ஒரே அளவில் இருக்கும்போது, எத்தனை கோடுகளைச் சேர்த்தாலும் அந்த முடிவை நம்ப இயலாது என்பதே என் கருத்து. சம இடைவெளியில் கோடுகளைத் தரும் லேசர் அதிர்வெண் சீப்பினால் அளவுகோலைச் சரிபார்க்கும், விஎல்டியின் எஸ்பிரெஸ்ஸோ நிறமாலைக் கருவி வந்த பிறகே இக்கேள்வியைப் புதிதாகக் கேட்க முடிகிறது.

உயர் பிரிதிறன் தரவை நீங்களே திறக்கும்போது, அலைநீளங்கள் வெற்றிடத்துக்குரியவையா, காற்றுக்குரியவையா என்று கோப்பின் தலைப்பில் முதலில் பாருங்கள். ஸ்லோன் தருவது வெற்றிட அலைநீளம். 6000 ஆங்ஸ்ட்ராமில் இவ்விரண்டுக்குமான வேறுபாடு 1.66 ஆங்ஸ்ட்ராம், அதாவது நொடிக்கு 83 கி.மீ.