வாக்கியக் கணக்கில் எங்கே சறுக்குகிறது?

பெருக்கலும் வகுத்தலும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட வாக்கியக் கணக்கில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். கேள்வியைப் பார்த்த உடனே வரிசையைப் பார்க்கும் என்பிஆர் (nPr) சூத்திரம் போடுவதா, வரிசையைப் பார்க்காத என்சிஆர் (nCr) சூத்திரம் போடுவதா என்று தேடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. எதை எண்ணுகிறோம், எந்த இரண்டை ஒன்றாகவே வைத்துக்கொள்கிறோம்? கேள்வியின் வார்த்தைகளிலிருந்தே இதை எடுத்து நோட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு, அப்புறம் கணக்கில் கை வையுங்கள்.

சேலத்துப் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட்டை வைத்தே இதைச் சொல்லித் தரலாம். கீழே சட்னி தடவிய ஒரு தட்டை, அதன் மேல் துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், அதை மூடினாற்போல் சட்னி தடவிய இன்னொரு தட்டை. கடையில் காரம், புதினா, பூண்டு என்று மூன்று சட்னி. ஒவ்வொரு தட்டைக்கும் ஏதாவது ஒரு சட்னிதான். எத்தனை விதமாக செட் போடலாம்?

கீழ்த் தட்டைக்கு 3 வழி, மேல் தட்டைக்கு 3 வழி. 3 × 3 = 9 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கீழ், மேல் என்று பிரித்துப் பார்த்தால் 9 சரிதான். ஆனால் கீழே காரம், மேலே புதினா வைத்த செட்டை அப்படியே கவிழ்த்தால் கீழே புதினா, மேலே காரம் ஆகிவிடும். சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒரே செட். “கவிழ்த்தால் ஒன்றாக வருபவற்றை ஒன்றாகவே கொள்க” என்று கேள்வியில் இருந்தால் விடை மாறும்.

இங்கேதான் அடுத்த சறுக்கல். இரண்டிரண்டாக வருகிறதே என்று 9-ஐ 2-ஆல் வகுத்து 4½ என்பார்கள். எண்ணிக்கைக் கணக்கில் பின்னம் வந்தாலே எங்கோ பிழை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பதையும் எழுதிப் பார்த்தால் பிழை கண்ணில் படும். காரம்-காரம், புதினா-புதினா, பூண்டு-பூண்டு ஆகிய மூன்றும் கவிழ்த்தாலும் அதேதான். அவை ஒரே ஒரு முறைதான் எண்ணப்பட்டிருக்கின்றன. மற்ற 6 மட்டுமே இரட்டை. அந்த ஆறில் பாதி 3, ஒரே சட்னி செட் 3-ஐயும் சேர்த்தால் 6. ஒவ்வொன்றும் ஒரே அளவு தடவை திரும்ப வந்திருந்தால்தான் மொத்தத்தையும் வகுக்கலாம். சட்னி ஐந்தாக இருந்தாலும் வழி இதேதான்: ஒரே சட்னி செட் 5, வேறுவேறு சட்னி (5 × 4) ÷ 2 = 10, ஆக 15.

“இரண்டும் வேறு சட்னியாக இருக்க வேண்டும்” என்று ஒரு வரி கூடினால், மூன்று சட்னிக்கு விடை 3. ஆக 9, 6, 3 மூன்றுமே சரியான விடைகள், வெவ்வேறு கேள்விகளுக்கு. பெரிய எண் கொடுத்திருந்தால் முதலில் 2, 3 என்று சிறிதாக்கி எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். எது இரட்டிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நிகழ்தகவுக்கு மாம்பழப் பெட்டி. 12 மல்கோவா, அதில் 3 பழங்களுக்குள் வண்டு, வெளியே தெரியாது. பார்க்காமல் இரண்டு எடுக்கிறோம். குறைந்தது ஒன்றாவது வண்டுப் பழமாக இருக்க நிகழ்தகவு என்ன?

“குறைந்தது ஒன்று” என்று வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து போவதுதான் சுலபம். இரண்டும் நல்ல பழமாக வர: முதல் பழத்துக்கு 9/12. அது கைக்கு வந்துவிட்டதால் பெட்டியில் மீதி 11, அதில் நல்லது 8. எனவே 9/12 × 8/11 = 72/132, அதாவது 6/11. ஒன்றிலிருந்து கழித்தால் விடை 5/11. இரண்டாவது முறையும் 9/12 என்றே போடுவது வழக்கமான தவறு; எடுத்த பழத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தால்தான் அது பொருந்தும்.

இன்னொரு தவறு 3/12 + 3/12 = 1/2 என்று கூட்டிவிடுவது. கிட்டத்தட்ட சரிபோலத் தெரிவதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1/2 என்பது 66/132. சரியான விடை 60/132. வித்தியாசம் 6/132, இரண்டுமே வண்டுப் பழமாக வரும் வாய்ப்பு (3/12 × 2/11). முதல் பழத்தின் கணக்கிலும் இரண்டாம் பழத்தின் கணக்கிலும் அது சேர்ந்துவிட்டது. ஒரு முறை கழித்தால் சரியாகிவிடும்.

சதவீதத்தில் கேட்க வேண்டியது, எதில் சதவீதம் என்பது. ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி மாவு 100 கிலோ, அதில் ஈரம் 40%. ஈரம் 12% ஆகும் வரை காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? 40 − 12 = 28 போனது, மீதி 72 என்பது தப்பு. அந்த 12% பழைய நூறில் இல்லை, காய்ந்த பிறகு நிற்கும் எடையில். மாறாத ஒன்றைப் பிடியுங்கள்: காய்ந்த பொருள் முதலிலும் 60 கிலோ, கடைசியிலும் 60 கிலோ. கடைசியில் அது 88%. ஆகவே 60 ÷ 0.88, ஏறக்குறைய 68.2 கிலோ. சரிபார்க்க, மீதி ஈரமான 8.2-ஐ 68.2-ஆல் வகுத்தால் 12% வருகிறது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலிருந்து 20-ஆவது வரை இடைவெளிகள் 19 மட்டுமே. 7-ஆவது முதல் 15-ஆவது வரை, இரண்டையும் சேர்த்து, வளைவுகள் 9. 15-இல் 7-ஐக் கழித்து ஒன்று கூட்ட வேண்டும்.

அதே பாதையில் வேகக் கணக்கு. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. ஏறும்போது மணிக்கு 20 கி.மீ., இறங்கும்போது 30 கி.மீ. என்றால் சராசரி 25 அல்ல. ஏற 1½ மணி நேரம், இறங்க 1 மணி நேரம். 60 கி.மீ. தூரத்துக்கு 2½ மணி நேரம், ஆக 24. மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு மணி நேரம் 20 வேகத்திலும், இன்னொரு மணி நேரம் 30 வேகத்திலும் ஓட்டினார் என்று கேள்வி சொன்னால் மட்டும் 25 என்றே எழுதுங்கள்.