துருவம் புரளவில்லை, கல்தான் புரண்டது: பாறைக் காந்தம் அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கருங்கல் குவாரிகளில் வெட்டுகிறார்களே, அந்த டோலரைட் டைக்குகளில் (பாறைப் பிளவில் புகுந்து உறைந்த கருநிறக் குழம்புச் சுவர்கள்) கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைக் கல்) எடுத்து, பாறை உறைந்தபோது அதில் பதிந்த புவிக்காந்தத் திசையை அளக்கப் புதிதாக வருபவர்கள் பழைய தவறுகளையே செய்கிறார்கள். எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடலாம்.

அம்புக்குறியைத் தொலைப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். ஓர் அங்குல விட்டமுள்ள கோரை 22 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுக்கிறோம். திசை தெரிய கோரின் பக்கவாட்டில் இழுத்த கோட்டின் உச்சியில் மட்டும் ஒரு அம்பு போட்டிருந்தால், அறுத்தபின் நடுத்துண்டில் வெறும் கோடுதான் மிஞ்சும். சேறும் தண்ணீருமாகத் தட்டில் கிடக்கும் அதற்கு மேல் எது, கீழ் எது?

பின்னால் ஒட்டிய காந்தத்தை நீக்கக் கல்லைப் படிப்படியாகச் சூடாக்கி அளப்போம். கோடு தப்பினாலும் அந்தச் சூட்டில் போய்விடும். கல்லிலுள்ள இரும்புக் கனிமங்களில் மேக்னடைட்டின் காந்தம் முழுதாக நீங்க 580 டிகிரி செல்சியஸ், ஹேமடைட்டுக்கு 680 வரை போக வேண்டும். சாதாரண மார்க்கர் மை அவ்வளவு தாங்காது. உடனே ஒரு குத்துமதிப்பில் மறுபடி கோடு. அப்புறம் வரைபடத்தில் திசை திரும்பி நிற்கும், 'துருவம் புரண்ட (புவியின் வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறிய) காலம் கிடைத்துவிட்டது' என்று கொண்டாட்டம்!

கொண்டாடுமுன் அதே கோரின் இன்னொரு துண்டோடு, புவித்திசைக்கு மாற்றாத எண்களை ஒப்பிடுங்கள். எக்ஸ் அச்சு கோட்டின் பக்கம், இசட் கோரின் நீளவாக்கில் என்றால்:

கல் தலைகீழானால் எக்ஸ் அப்படியே இருக்கும். ஒய், இசட் குறி மாறும். கோடு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் எக்ஸ், ஒய் மாறும், இசட் மாறாது. மூன்றும் மாறினால்தான் துருவப் புரட்டு என்ற பேச்சே எழும், அதுவும் ஒரே கோருக்குள் எதிர்பார்க்கக் கூடியதல்ல.

அறுக்குமுன்பே முழு நீளத்துக்கும் வைர முனையால் கோட்டைக் கீறி, சென்டிமீட்டருக்கு ஓர் அம்பு போடுங்கள். எஃகு ஊசி வேண்டாம், இரும்புத் துகள் ஒட்டும். ஒவ்வொரு சூட்டுக்கு முன்பும் தட்டைப் படமெடுத்து வையுங்கள்.

சூடாக்கிய கல்லை மேசையில் விடுவது

வேலூரில் புவிக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஏறக்குறைய கிடையாக வடக்கு நோக்கும். இரவெல்லாம் அதில் கிடந்தால் காந்தத்தை எளிதில் மாற்றிக்கொள்ளும் துகள்கள் அந்தத் திசையை வாங்கிக்கொள்ளும். அளக்கும்வரை, வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உலோகப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

அடுப்பில் எப்போதும் ஒரே பக்கமாக வைப்பது

படிக்குப் படி திருப்பி வையுங்கள். அடுப்புக்குள் மிச்சக் காந்தப்புலம் இருந்தால் வரைபடம் வளைந்து வளைந்து காட்டிக்கொடுக்கும்.

கல்லை வைக்கும் தாங்கியை வெறுமையாக அளக்காதது

ஒவ்வொரு சுற்றுக்கும் துடைத்து, அளந்து, கல்லின் அளவிலிருந்து கழிக்கவும்.

மலையுச்சிக் கல்

மின்னல் பட்டு, பழைய காந்தம் மாறியிருக்கக்கூடும். எடுக்காதீர்கள்.

கைப்பேசி

அறைக்கு வெளியே.