கியர்பாக்ஸைத் திறந்துவிட்டு வாரண்டி கேட்காதீர்கள்

கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் பட்டறைக்கு வருகிறவற்றில் நிறைய, வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத செகண்ட் ஹேண்ட் வண்டிகள். முதல் கார் வாங்கியவர்கள், கையில் வாரண்டி பேப்பரும் இருக்கும். ஆனால் அவர்கள் செய்துவிட்டு வருகிற காரியம், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியமாக இருக்கிறது. ஆர்சியைப் பாருங்கள், மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சூடாக நிற்கும் வண்டியைப் பார்க்காதீர்கள்

வாங்கும் முன் காலையில் போய் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றினால் ஒரு நொடிக்குள் கியர் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு 'டக்' என்று இடித்தால் உள்ளே கோளாறு. அப்புறம் அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள், ஏனென்றால் சில கோளாறுகள் சூடான பிறகுதான் வெளியே வரும். மேடான இடத்தில் ரிவர்ஸ் ஏற்றிப் பாருங்கள். ஸ்கேனர் போட்டால் வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், குறியீட்டை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பல வண்டிகள் தனியாகக் காட்டும். 70,000 ஓடிய வண்டியில் அது 12 என்று நின்றால், நேற்றுதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஏஎம்டியில் கிளட்ச் வாரண்டியில் வராது

ஏஎம்டி என்றால் சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றித் தரும் வகை. அதன் கிளட்ச் பெரும்பாலும் வராது. அது தேய்மானப் பொருள்.

வாரண்டிக்காரர்களின் அனுமதி வராமல் ஆயில் போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் ஒரு தம்பி சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி நான்கு மாதம், விற்ற கடையே கொடுத்த ஒரு வருட வாரண்டி இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம் வந்திருக்கிறது. வாரண்டிக்காரர்களுக்கு ஒரு போன் போடாமல் நேராகத் தெருமுனை மெக்கானிக்கிடம் போயிருக்கிறார், அவர் "ஆயில் மாத்துனா சரியாயிடும்" என்று இருந்த ஆயிலை வடித்துவிட்டு, கையில் இருந்த சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான) ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார். சிவிடியில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, அந்தப் பிடிப்புக்கென்றே தயாரித்த ஆயில்தான் அதற்கு வேண்டும். மாற்று ஆயிலில் பெல்ட் வழுக்கிப் புல்லியைக் கீறிவிடும். கீறியும்விட்டது. வாரண்டி நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் இரண்டே கேள்விதான் கேட்டார்: உள்ளே இருப்பது என்ன ஆயில், பில் எங்கே? கோரிக்கை தள்ளுபடி. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் அந்தத் தம்பி கைக்காசு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 2012-இல் நானும் இதைத்தான் செய்தேன். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் செடான் ஒன்று, வாடிக்கையாளருக்கு உதவுவதாக நினைத்து கியர்பாக்ஸின் கீழே இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினேன், அதன் அடியில் இருந்த காந்தத்தை டீசலில் கழுவிப் பளபளவென்று மாட்டினேன், கோளாறுக் குறியீட்டையும் அழித்தேன். மூன்றாம் நாள் வாரண்டி ஆள் வந்து பார்த்தபோது காட்ட ஒன்றுமே இல்லை. அந்தக் காந்தத்தில் மாவு போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், ஊசி ஊசியாக இரும்புத் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடைக்க உதவியிருக்கக்கூடிய சாட்சியை என் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டேன். ஆயிலின் நிறம், கருகிய வாடை, குறியீடு பதிவான நேரத்து வேகமும் வெப்பமும், இவையெல்லாம் உங்கள் பக்கத்துச் சாட்சிகள். ஸ்பேனர் பட்டதும் போய்விடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கோளாறு தெரிந்ததும் ஓட்டுவதை நிறுத்துங்கள். 'வீடு வரைக்கும்தானே' என்று ஓட்டினால், தெரிந்தே ஓட்டிச் சேதத்தை வளர்த்தீர்கள் என்று எழுதிவிடுவார்கள். எரிகிற விளக்கும் கிலோமீட்டரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வாரண்டி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கோரிக்கை எண் வாங்குங்கள், அவர்கள் சொல்லும் இடத்துக்கு, நான்கு சக்கரமும் தரையில் படாத ரிகவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பட்டறையில் எழுதும் ஜாப் கார்டில் "கியர் பிரச்சினை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள், எந்த வேகத்தில், சூடாகவா குளிராகவா, எத்தனை முறை என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். திறந்து பார்த்த பிறகு கோரிக்கை தள்ளுபடியானால் அந்தக் கூலி யாருடையது என்பதையும் முன்பே கேளுங்கள், பல ஒப்பந்தங்களில் அது உங்கள் தலையில்தான் விழும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்

கம்பெனி கொடுத்த நீட்டிப்பு வாரண்டி முதல் உரிமையாளர் பெயரில் இருக்கும், நீங்கள் வண்டி வாங்கியதால் மட்டும் உங்களுக்கு வந்துவிடாது. படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி மாற்றிய கையோடு வாரண்டியையும் மாற்றி எழுதி வாங்குங்கள். விற்றவர் சொன்னார் என்று இருந்துவிட்டால் கோரிக்கை வைக்கும் அன்றுதான் தெரியவரும்.

'லைஃப் டைம் ஆயில்' என்று விட்டுவிடாதீர்கள்

மாற்றவே வேண்டாத ஆயில் என்பார்கள். வண்டிப் புத்தகத்தில் கடினமான ஓட்டத்துக்கு ஆயில் மாற்றத் தனி அட்டவணை இருந்தால் நம் ஊர் டிராஃபிக்குக்கு அதுதான். பில்லைத் தொலைக்காதீர்கள்.

வாய்ப் பேச்சு

"எல்லாமே வாரண்டியில் கவர் சார்" என்பார் விற்பவர். அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

மறுத்துவிட்டார்கள் என்று உடனே விட்டுவிடாதீர்கள்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதிப்படி என்று. நியாயமில்லை என்று பட்டால் 1915-க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவி எண் அது. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அங்கே போகும்போது கியர்பாக்ஸைப் பற்றி வெளி ஆள் ஒருவர் எழுதிய அறிக்கை கையில் இருந்தால் பெரிய பலம். மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் திறக்காத கியர்பாக்ஸாக இருந்தால் உங்களுக்கும் எழுதித் தருவேன்.