இதய அறுவை அரங்கில் ஏசிடி பார்க்கும் முறை

அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் ஓடும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். அது போதிய அளவு வேலை செய்கிறதா என்பதை, ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திராமல் நோயாளியின் அருகிலேயே சில நிமிடங்களில் காட்டுவது, 1966இல் ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவர் வெளியிட்ட ஏசிடி (ACT) என்னும் உறைவு நேரச் சோதனையாகும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதே இதன் விடை.

ஹெப்பாரின் கொடுப்பதற்கு முன்பே அடிப்படை அளவை எடுத்துவிட வேண்டும். கருவி 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருப்பதை உறுதிசெய்த பிறகு, தமனியில் செருகியிருக்கும் குழாயிலிருந்து முதலில் வரும் சில மில்லிலிட்டர் ரத்தத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அதில் குழாயைக் கழுவும் உப்பு நீரோ ஹெப்பாரினோ கலந்திருந்தால் விடை தவறாகிவிடும். என் பார்வையில் மிகுதியான குழப்பங்கள் பிறப்பது இந்த இடத்தில்தான். அடுத்து வரும் ரத்தத்தை, கருவிக்குரிய சோதனைக் குழாயில் குறிக்கப்பட்ட அளவுக்குச் சரியாக விட்டு, அந்தக் கணமே கடிகாரத்தை ஓடவிட்டு, மென்மையாகக் கலக்கிக் கருவியில் வையுங்கள்.

கிலோ எடைக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரினை மையச் சிரை (இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக் குழாய்) வழியே செலுத்தி, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். பல மையங்கள் 480 விநாடியைத் தாண்டாமல் இயந்திரத்துக்கு மாறுவதில்லை. சில கருவிகளுக்கு 400 போதும் என்பதால், ஒரு கருவியின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இலக்கு எட்டவில்லையெனில், மருந்து சிரைக்குள் சென்றதா என்று சரிபார்த்து, புதிய மாதிரி எடுத்து, பிறகு கூடுதல் ஹெப்பாரின் கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லையென்றால் ஹெப்பாரின் வேலை செய்யத் தேவையான ரத்தப் புரதமான ஆன்டித்ராம்பினின் குறைவைச் சந்தேகித்து, அதன் செறிவூட்டிய மருந்தையோ உறைநிலைப் பிளாஸ்மாவையோ மயக்க மருத்துவர் தீர்மானிப்பார்.

இயந்திரம் ஓடும்போது அரை மணிக்கொருமுறை சோதிப்பது வழக்கம். உடல் குளிர்ந்திருந்தாலும், ரத்தம் நீர்த்திருந்தாலும், தட்டணுக்கள் குறைந்திருந்தாலும் ஏசிடி நீளும். ஆகவே பெரிய எண் வந்தவுடன் ஹெப்பாரின் போதுமென்று முடிவு கட்டுவது ஆபத்தானது. சோதனைக் குழாயில் உறைவைத் தூண்டச் செலைட் அல்லது கேயோலின் என்னும் பொருள் இருக்கும்; ரத்தக்கசிவைக் குறைக்கும் அப்ரோடினின் மருந்து பெற்றவருக்குச் செலைட் குழாயைத் தவிர்த்துக் கேயோலின் குழாயைப் பயன்படுத்துங்கள்.

இறுதியில், ஹெப்பாரினை முறிக்கும் மருந்தான புரோட்டமினை மெதுவாகச் செலுத்திய பிறகு, எண் அடிப்படை அளவுக்குத் திரும்பியதா என்று பாருங்கள். திரும்பியும் கசிவு நிற்காவிட்டால், மேலும் புரோட்டமின் கொடுக்க விரையாமல், தட்டணுக்களையும் ஃபைப்ரினோஜன் என்னும் உறைவுப் புரதத்தையும் ஆராய, ரத்தக் கட்டி உருவாகும் விதத்தைக் காட்டும் ரோடெம் (ROTEM) அல்லது டெக் (TEG) சோதனைக்குச் செல்ல வேண்டும்.