டைனி கோர் லினக்ஸ்: பென் டிரைவில் போட்ட ஆப் மறுநாள் காணாமல் போவது ஏன்?

டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் வைத்து ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. நேற்று பிரவுசர் போட்டேன், நன்றாக ஓடியது, இன்று ஆன் செய்தால் ஆளையே காணோம். உடனே பென் டிரைவ் சரியில்லை என்று முடிவு கட்டி வேறொன்று வாங்குவார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவார்கள். இரண்டுமே தேவையில்லாத வேலை.

உபுண்டுவிலோ விண்டோஸிலோ ஒரு மென்பொருளைப் போட்டால் அது டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும், மறுநாளும் அங்கேயே இருக்கும். டைனி கோரில் அப்படி எதுவும் உட்காருவதில்லை. அதன் அடிப்படை கோர் சுமார் 17 எம்பி, டெஸ்க்டாப்போடு வரும் டைனிகோர் 23 எம்பி அளவு, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது ரேமில் புதிதாக விரிகிறது. நீங்கள் சேர்த்த மென்பொருள்கள் டி.சி.இசட் என்று முடியும் ஒற்றை ஃபைல்களாகப் பென் டிரைவில் கிடக்கும். பூட் ஆகும்போது அவை மவுண்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்பட்டு, உள்ளே இருப்பவற்றுக்கு சிஸ்டத்தில் லிங்க் மட்டும் போடப்படும். இவற்றைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். ஆக ஃபைல் ஓரிடம், அதை ஏற்றச் சொல்லும் பட்டியல் ஓரிடம், நீங்கள் மாற்றிய செட்டிங்ஸ் இன்னோரிடம். இவற்றில் எது போனாலும் பார்ப்பவருக்கு ‘ஆப் வேலை செய்யவில்லை’ என்றுதான் தெரியும். எது போனது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்வதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு.

முதலில் எளிதானதைப் பார்ப்போம். ஆப்ஸ் என்ற கருவியில் ஒரு எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்தால் ஆன்பூட், ஆன்டிமாண்ட், டவுன்லோட் பிளஸ் லோட், டவுன்லோட் ஒன்லி என்று நான்கு வழிகள் கேட்கும். டவுன்லோட் பிளஸ் லோட் என்ற பெயரைப் பார்த்தால் எல்லாமே முடிந்தது போலத் தோன்றும், அதனால் பலர் அதையே அழுத்துகிறார்கள். அது இந்த முறைக்கு மட்டும் ஏற்றிக் கொடுக்கும். ஃபைல் பென் டிரைவில் பத்திரமாக இருக்கும், ஆனால் ஆன்பூட் பட்டியலில் அதன் பெயர் ஏறாது, அதனால் மறுமுறை யாரும் அதை எழுப்ப மாட்டார்கள். தினமும் வேண்டியதை ஆன்பூட்டில் போடுங்கள், எப்போதாவது வேண்டியதை ஆன்டிமாண்டில் போடுங்கள். பார்ப்பதையெல்லாம் ஆன்பூட்டில் தள்ளினால், வேகத்துக்காக இந்த சிஸ்டத்தைத் தேடி வந்த காரணமே அடிபட்டுப் போகும்.

இனி வருவதுதான் பலரை உண்மையிலேயே சுற்றவிடும் விஷயம். ஆன்பூட்டில்தான் போட்டேன், அப்படியும் காணோம் என்பவர்கள் டெர்மினலைத் திறந்து, ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்கான்ஃபிக் ஃபோல்டரில் டி.சி.ஈ.டிர் என்ற லிங்க் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். எம்என்டி, அடுத்து எஸ்டிபி1 (பென் டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்), அடுத்து டி.சி.ஈ (எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும் ஃபோல்டர்) என்கிற மாதிரி பென் டிரைவின் பாதையைக் காட்டினால் சரி. டெம்ப் ஃபோல்டரைக் காட்டினால் உங்கள் ஆப் எல்லாம் இதுவரை ரேமில்தான் இறங்கிக்கொண்டிருந்தது, பவர் போனதும் அதோடு போய்விட்டது.

பென் டிரைவிலிருந்து பூட் ஆன சிஸ்டத்துக்கே பென் டிரைவ் தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். போகும். ஆரம்பத்தில் சிஸ்டத்தின் மையமான கெர்னலையும் கோர் ஃபைலையும் பென் டிரைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது பயாஸ். கெர்னல் எழுந்த பிறகு யூஎஸ்பி போர்ட்டுகளை அது தானே புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சில விநாடிகள் ஆகும், பழைய போர்ட்டிலும் மந்தமான பென் டிரைவிலும் இன்னும் கூடும். அதற்குள் டைனி கோர் தன் டி.சி.ஈ ஃபோல்டரைத் தேடிப் பார்த்து, இல்லை என்று முடிவுசெய்து, ரேமிலேயே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பெரிதாக எச்சரிக்கை எதுவும் வராது, டெஸ்க்டாப் வழக்கம்போல வந்து நிற்கும். அதனால்தான் இது கண்ணில் படுவதே இல்லை. தீர்வு சின்னது. பூட் மெனு ஃபைலில் ஏபெண்ட் என்று தொடங்கும் வரியின் கடைசியில் வெயிட்யூஎஸ்பி என்ற வார்த்தையோடு சமக்குறி போட்டு 5 என்று சேர்த்தால் ஐந்து விநாடி காத்திருக்கும். போதவில்லையென்றால் 10 போடுங்கள்.

அதே வரியில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கலாம். டி.சி.ஈ ஃபோல்டர் எஸ்டிபி1-இல் இருக்கிறது என்று எழுதியிருப்பீர்கள். உங்கள் லேப்டாப்பில் அது சரி. நண்பரின் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதே பென் டிரைவ் அங்கே எஸ்டிசி1 ஆகிவிடும், கதை மறுபடி ரேமுக்கே திரும்பும். அந்தப் பெயருக்குப் பதில் பார்ட்டிஷனின் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை எழுதிவிட்டால் எந்த மெஷினில் செருகினாலும் மாறாது. பிஎல்கேஐடி கட்டளை அந்த எண்ணைக் காட்டும்.

ஏற்றும்போது பிரச்சினை வந்தால் சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற அட்மின் பயனராக ஓட்டிப் பார்ப்போமே என்பது லினக்ஸ்காரர்களின் கைப்பழக்கம். இங்கே அது எடுபடாது. எக்ஸ்டென்ஷன் ஏற்றும் டி.சி.ஈ-லோட் கட்டளை ரூட்டாக ஓடவே மறுக்கும். அதைத் தாண்டுவதற்காக ரூட்டாக இருந்துகொண்டு ஃபைல்களை அந்த ஃபோல்டருக்குள் காப்பி செய்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஃபைல்களின் உரிமை ரூட்டுக்குப் போய்விடும், பிறகு டி.சி என்ற சாதாரண பயனரால் அவற்றை அப்டேட் செய்யவோ அழிக்கவோ முடியாமல் போகும். அப்படி ஆகியிருந்தால் உரிமையை டி.சி பயனருக்கும் ஸ்டாஃப் குழுவுக்கும் திருப்பிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

சரி, ஃபைல் இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது, ஐகான்கூடத் தெரிகிறது, ஆனால் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஐகானையே குத்திக்கொண்டிருக்காமல் டெர்மினலில் ஆப்பின் பெயரைத் தட்டி ஓட்டிப் பாருங்கள். ஷேர்டு லைப்ரரி (பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும், அதில் லிப் என்று தொடங்கி எஸ்ஓ என்றும் ஒரு எண்ணோடும் முடிகிற பெயர் இருக்கும். எல்டிடி கட்டளையை அந்த ஆப்பின் மேல் ஓட்டினால் இன்னும் எவையெல்லாம் கிடைக்கவில்லை என்று மொத்தமாகவே தெரிந்துவிடும். அந்தப் பெயரை எடுத்துப்போய் ஆப்ஸ் கருவியின் தேடும் பெட்டியை புரொவைட்ஸ் என்று மாற்றிவிட்டுத் தேடினால், அந்த லைப்ரரி எந்த எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கிறது என்று காட்டும். இவ்வளவு வசதி இருந்தும் பலர் அதைத் தொடுவதே இல்லை. அதற்குப் பதில் 6 என்று முடிகிற லைப்ரரிக்கு 5 என்று ஒரு லிங்க் போட்டுச் சமாளிப்பார்கள். ஆப் திறக்கும், பாதி வேலையில் கவிழும், அதன் பிறகு காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

லைப்ரரி விடுபடுவதற்கே முக்கியக் காரணம், வேறு கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக டி.சி.இசட் ஃபைலை மட்டும் இறக்கிக் கொண்டுவருவது. அதனோடு டெப் என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் உண்டு, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு வேறு எவை தேவை என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு டெப் ஃபைல் இருக்கலாம். நெட் உள்ள டைனி கோரில் ஆப்ஸ் கருவி இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், கையால் செய்தால் நீங்கள்தான் சங்கிலியின் கடைசிவரை போக வேண்டும். எம்டி5 ஃபைலையும் கூடவே இறக்குங்கள்; இறங்கிய ஃபைல் பாதியில் அறுந்ததா என்று அதை வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.

நெட் இல்லாமல் இப்படிக் கையால் சுமக்க வைப்பது பெரும்பாலும் வைஃபைதான். 23 எம்பி இமேஜில் வைஃபைக்கான எதுவும் இல்லை. வைஃபை எக்ஸ்டென்ஷனை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். ஈதர்நெட் ஒயர் இல்லாதவர்கள் ஆரம்பத்திலேயே கோர்பிளஸ் இமேஜை எடுத்து அதிலிருந்து பென் டிரைவில் நிறுவுங்கள். அது 200 எம்பிக்கு மேல் வரும், ஆனால் வயர்லெஸ் கருவிகளும் ஃபர்ம்வேரும் அதிலேயே இருக்கின்றன.

வெர்ஷன் குழப்பம் தனி ரகம். டைனி கோரின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும், 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும், எக்ஸ்டென்ஷன் கிடங்கு தனித்தனி. 14-க்கு 6.1 வரிசைக் கெர்னல், 15-க்கு 6.6 வரிசைக் கெர்னல். புது வெர்ஷன் வந்ததும் கெர்னல் ஃபைலையும் கோர் ஃபைலையும் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய எக்ஸ்டென்ஷன்களை அப்படியே விட்டால் டெக்ஸ்ட் எடிட்டர் மாதிரி சின்ன ஆப்கள் அதிர்ஷ்டமிருந்தால் ஓடும். வைஃபை, சவுண்ட் போன்ற கெர்னல் மாட்யூல் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, ஏனென்றால் அவற்றின் பெயரிலேயே கெர்னல் எண் இருக்கிறது. பழைய டி.சி.ஈ ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புதிதாக இறக்குவதுதான் தலைவலி இல்லாத வழி.

டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் டெப் பேக்கேஜைப் (மேலே சொன்ன பட்டியல் ஃபைல் இல்லை, இது மென்பொருள் ஃபைல்) பிரித்துப் போட்டுப் பார்க்கிற சாகசக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும். அது உங்கள் ஆப்பைச் சொல்லவில்லை. அந்த ஆப் தன்னைத் தொடங்கிவைக்கத் தேடுகிற லோடர் அது எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்று சொல்கிறது. பெரும்பாலும் 64 பிட் சிஸ்டத்தில் 32 பிட் ஆப்பை ஓட்டியிருப்பீர்கள்.

அப்புறம் செட்டிங்ஸ். ஆப் இருக்கிறது, ஆனால் தினமும் புதிதாகப் போட்டது மாதிரியே திறக்கிறது என்றால் பிரச்சினை எக்ஸ்டென்ஷனில் இல்லை, பேக்அப்பில் இருக்கிறது. ஷட்டவுன் செய்யும்போது வரும் பெட்டியில் பேக்அப் தேர்வாகியிருந்தால் ஹோம், ஆப்ட் என்ற இரண்டு ஃபோல்டர்களும் மைடேட்டா என்ற ஒரே ஃபைலாகச் சுருட்டப்பட்டுப் பென் டிரைவுக்குப் போகும், அடுத்த பூட்டில் பிரியும். டெர்மினலில் பவர்ஆஃப் தட்டினால் இந்தப் பேக்அப் நடக்காது. அந்த இரண்டு ஃபோல்டர்களுக்கு வெளியே இருப்பதும் சேமிக்கப்படாது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சைப் போட்டவர்கள் இதை நன்றாக அனுபவித்திருப்பார்கள். பாஸ்வேர்டு வைப்பார்கள், செர்வரைத் தொடங்குவார்கள், வேறு கம்ப்யூட்டரிலிருந்து லாகின் ஆகும். ரீஸ்டார்ட் செய்தால் செர்வரும் ஓடாது, பாஸ்வேர்டும் இருக்காது. பாஸ்வேர்டு ஈடிசியில் உள்ள ஷேடோ ஃபைலில் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் கீ யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் இருக்கும் ஈடிசியில் இருக்கிறது. இரண்டு பாதைகளையும் ஆப்ட் ஃபோல்டரில் மறைந்திருக்கும், பேக்அப்பில் எவை போக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்டூல் பட்டியலில் முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுத வேண்டும், செர்வரைத் தொடங்கும் வரியை ஒவ்வொரு பூட்டிலும் ஓடும் பூட்லோக்கல் ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும்.

எதற்கு ஒவ்வொன்றாக என்று யூஎஸ்ஆர் லோக்கல் முழுவதையும் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன்கள் போட்ட லிங்க்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவையும் பேக்அப்பில் ஏறி, ஆப்பை அப்டேட் செய்த பிறகும் பழைய லிங்க்குகளே வந்து உட்கார்ந்துகொள்ளும். படம், ஐஎஸ்ஓ போன்ற பெரிய ஃபைல்களை ஹோமில் இறக்குவதும் இதே ரகம்தான். ஒவ்வொரு ஷட்டவுனிலும் அத்தனையும் சுருட்டப்படும், ஒவ்வொரு பூட்டிலும் ரேமில் பிரியும், கடைசியில் சிஸ்டம் மெதுவாகிவிட்டது என்று பழி பிரவுசர் மேல் விழும். பெரிய ஃபைல்களை நேராகப் பென் டிரைவின் ஃபோல்டரிலேயே வையுங்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒன்று: பிரவுசரில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிரவுசரை மாற்றிப் பயனில்லை, சிஸ்டத்தில் தமிழ் ஃபாண்ட் இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபாண்ட் ஃபைலை ஹோமுக்குள் புள்ளி வைத்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் ஒன்று உருவாக்கிப் போட்டு பிரவுசரை மூடித் திறந்தால் போதும். ஹோமுக்குள் இருப்பதால் பேக்அப்பிலும் போய்விடும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் அலறினால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பழைய மெஷினில் கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி போயிருந்தால் தேதி பல வருடம் பின்னால் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்குவதையும் சொல்ல வேண்டும். சிஸ்டம் ரேமில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் செய்கிறார்கள். அடிப்படை சிஸ்டம் ரேமில் இருப்பது உண்மை, ஆனால் எக்ஸ்டென்ஷன்கள் பென் டிரைவிலிருந்தே மவுண்ட் ஆகியிருக்கின்றன, பிடுங்கினால் திறந்திருக்கும் ஆப்கள் அப்படியே உறைந்துபோகும். பிடுங்கியே ஆக வேண்டும், ரேமும் தாராளமாக இருக்கிறது என்றால் டி.சி.ஈ ஃபோல்டரில் காப்பி2எஃப்எஸ் டாட் எஃப்எல்ஜி என்ற காலி ஃபைலை வையுங்கள், எல்லாம் ரேமுக்குக் காப்பியாகும்.

நீக்குவதிலும் அவசரம் கூடாது. டி.சி.இசட் ஃபைலைக் கையால் அழித்தால் ஆன்பூட் பட்டியலில் பெயர் அப்படியே நிற்கும், அதற்காக இறங்கிய லைப்ரரிகளும் தேங்கிக் கிடக்கும். ஆப்ஸ் மெனுவில் மெயின்டனன்ஸுக்குள் போய் நீக்கக் குறித்து வைத்தால், ரீஸ்டார்ட் ஆகும்போது தேவையற்றவற்றோடு சேர்ந்து போகும்.

எதுவுமே பிடிபடவில்லையென்றால் பூட் மெனுவில் நின்று பேஸ், நோரீஸ்டோர் என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து பூட் செய்யுங்கள். முதலாவது எக்ஸ்டென்ஷன்களை ஏற்றாது, இரண்டாவது மைடேட்டாவைப் பிரிக்காது. இப்படிச் சிக்கலில்லாமல் எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். நோரீஸ்டோர் மட்டும் போட்டுச் சரியானால் பழுது செட்டிங்ஸில். பேஸ் மட்டும் போட்டுச் சரியானால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் காரணம். ஷோஆப்ஸ் என்ற வார்த்தையைச் சேர்த்தால் ஏறுகிற ஒவ்வொன்றின் பெயரும் திரையில் ஓடும், எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதிலும் தெரியாவிட்டால் ஆன்பூட் பட்டியலைக் காப்பி எடுத்து, பாதிப் பெயர்களை நீக்கி, சோதனைப் பட்டியல் என்று வேறு பெயரில் வையுங்கள். பூட் வரியில் எல்எஸ்டி என்று போட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால் அந்த ஒருமுறை மட்டும் அதிலிருந்து ஏற்றும். அசல் பட்டியலைத் தொட வேண்டியதில்லை.