ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர்கள் தூங்குவதற்கு என்ன செய்யலாம்?

எனக்கு லூபஸ், அதாவது எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்ததும் டாக்டர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 50 மில்லிகிராமில் ஆரம்பித்தார். கொஞ்ச நாளிலேயே மூட்டுவலி அடங்கியது, கன்னத்துச் சிவப்பு மறைந்தது. கூடவே தூக்கமும் போனது. உடம்பு அசதியில் கெஞ்சும், கண் மட்டும் மூடாது. நடுராத்திரியில் அலமாரிச் சாமான்களை இறக்கித் துடைக்கலாமா என்று கை பரபரக்கும். காலையில் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டிய வேலை எனக்கு. தூங்காமல் அதைச் செய்யவே முடியாது.

"எதையாவது யோசித்துக்கொண்டே படுத்தால் தூக்கம் எப்படி வரும்?" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இது மருந்து செய்கிற வேலை.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழிக்கிற நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். பிறகு நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். அந்த இறக்கத்தில்தான் தூக்கம் பிடிக்கிறது. பிரெட்னிசலோன் அதே கார்டிசாலின் வேலையைச் செய்கிற மருந்து. உடம்பு ஒரு நாளில் சுரப்பது சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். நான் சாப்பிட்டது அதைப்போல் பத்து மடங்கு. ஒரு வேளை மாத்திரையின் வேலை 12 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரம் வரை நீடிக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு என்றால் அதைவிடவும் நீளும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டால், படுக்கிற நேரத்தில் உடம்புக்குப் பொழுது விடிந்துவிடுகிறது.

அதனால் தூக்கத்துக்கான வேலையைக் காலையிலேயே தொடங்க வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

மாத்திரை பெயருக்குப் பக்கத்தில் 1-0-0, 1-0-1 என்று எழுதியிருக்கும். காலை, மதியம், இரவு என்ற வரிசை அது. எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 1-0-1 என்று இருந்தது. மெடிக்கல் ஷாப்பிலும் கவர் மேல் காலைக்கும் இரவுக்கும் பேனாவால் டிக் அடித்துத்தான் கொடுத்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "சார், ராத்திரி மாத்திரையையும் காலையிலேயே சேர்த்துப் போடலாமா? தூக்கமே இல்லை" என்று கேட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் காலைக்கு மாற்றி எழுதினார். அந்த வாரமே நள்ளிரவுக்கு முன்னால் கண் அசர ஆரம்பித்தது. வேறு எதுவும் எனக்கு இந்த அளவுக்கு உதவவில்லை.

ஆனால் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். நோய் உக்கிரமாக இருக்கும்போது டாக்டர் தெரிந்தேதான் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். அப்படியானால், இரண்டாவது மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு போடலாமா என்று கேளுங்கள். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை டிரிப்பாக ஏற்ற வேண்டியிருந்தால், காலையிலேயே ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்கலாம். காலை மாத்திரையை மறந்து சாயங்காலம் நினைவு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதற்காக மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடவே கூடாது.

தூக்கம் வரவில்லை என்ற கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு சாப்பிட்டாலே நம் சுரப்பிகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

பகல் பொழுது

நான் ஏழரை மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குள் மாத்திரை போட்டுவிடுவேன். வெறும் வயிற்றில் போடுவதில்லை. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். ராத்திரி தூங்கவில்லையே என்று எட்டு மணி வரை படுத்தால் அன்றைய ராத்திரியும் கெடும். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்பதால் காலாற நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். எங்களைப் போன்ற லூபஸ்காரர்களுக்கு வெயில் ஆகாது. அதனால் நான் விடிந்ததும் திண்ணையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். வெளிச்சம் கண்ணில் பட்டால் போதும்.

காபியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் நிறுத்தவில்லை. காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி உண்டு. மதியத்துக்கு மேல் காபியும் இல்லை, டீயும் இல்லை. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணி டீ வரும்போது நான் உப்புப் போடாத மோர் பாட்டிலைத் திறந்துகொள்வேன்.

மதியம் கண்ணைச் சுழற்றினால் இருபது நிமிஷம் படுக்கலாம். மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

இப்போது பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம். ராத்திரி இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்து, அப்புறம் தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? சர்க்கரை ஏறியிருக்கலாம். காலையில் ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ சாயங்காலமோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பு சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் இது வரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் போடலாமா என்றும் கேளுங்கள்.

சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. நெஞ்செரிச்சலும் தூக்கத்தைக் கெடுக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வைத்த பிறகு எனக்கு அது குறைந்தது. ஸ்டீராய்டு பசி பொல்லாதது, பத்து மணிக்கு மறுபடி வந்து நிற்கும். ஒரு பிடி பொரிகடலை போதும். பிஸ்கட் டப்பாவைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

ராத்திரி

பத்தரைக்கு முன்னால் நான் படுப்பதே இல்லை. சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் தூங்கிவிடலாம் என்பது இந்த மருந்திடம் பலிக்காது. படுத்துக் கால் மணி, இருபது நிமிஷமாகியும் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து முன்னறைக்கு வந்துவிடுவேன். படுக்கையையும் விழித்திருப்பதையும் மூளை முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். போன் வேறு அறையில் இருக்கும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

மங்கலான விளக்கில் கோல நோட்டை எடுப்பேன். பதினைந்துக்கு எட்டு, இடுக்குப் புள்ளி. புள்ளிகளை மட்டும் முதலில் முழுக்க வைத்துவிட்டு, அப்புறம் ஒரே இழையாகச் சிக்குக் கோலம். கோடு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் வேறு நினைப்புக்கு இடமில்லை. பாதியில் கொட்டாவி வரும், உடனே போய்ப் படுத்துவிட வேண்டும். கோலத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காரக் கூடாது. உங்களுக்குக் கோலம் வராவிட்டால் ஜெபமாலை, கைத்தையல், படித்த புத்தகத்தையே மறுபடி படிப்பது என்று எதுவும் சரி. அலமாரி துடைப்பது, துணி ஊறவைப்பது, கணக்குப் பார்ப்பது வேண்டாம். அந்தப் பரபரப்பு மருந்துடையது. அதற்கு வேலை கொடுத்தால் விடியும்வரை நிற்காது.

வீட்டு வைத்தியம், கடை வைத்தியம்

என் மாமியார் அன்போடு ஜாதிக்காய் உரைத்த பால் கொண்டுவந்தார். "வெறும் பாலே போதும் அத்தை" என்று வாங்கிக்கொண்டேன். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. அதிமதுரத்தில் அதைவிடக் கவனம் வேண்டும். அது ஸ்டீராய்டின் வேலையை உடம்பில் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும். இருமலுக்கென்று வாயில் அடக்கிக்கொள்கிற துண்டுக்கும் இது பொருந்தும். எங்களைப் போல் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் உள்ளவர்கள் அமுக்கிராவையும் (அஸ்வகந்தா) டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

தெரிந்த கடையில் அல்பிரசோலம் என்ற மாத்திரையைத் தூக்கத்துக்காக வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, பழக்கமும் பிடித்துவிடும். தூக்க மாத்திரை தேவைதான் என்றால், உங்கள் ஸ்டீராய்டு அளவு தெரிந்த டாக்டர் கொஞ்ச நாளுக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது

தூக்கமின்மை ஒரு கட்டத்தில் வேறொன்றாக மாறலாம். தொடர்ந்து தூங்காமலும் களைப்பே தெரியாமல் இருப்பது, நிறுத்தாமல் பேசுவது, கண்டபடி செலவு செய்வது, எல்லோர் மேலும் சந்தேகப்படுவது, காதில் குரல் கேட்பது, சாகலாம் என்று பேசுவது. இதில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள். பாஸ்டனில் நடந்து 1972-ல் வெளியான ஆய்வில், தினம் 40 மில்லிகிராமுக்குள் பிரெட்னிசோன் (பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு) எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் வந்தது. 80-க்கு மேல் எடுத்தவர்களில் அது 18.4 சதவீதம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் தலைகாட்டும். அளவைக் குறைத்தால் சரியாகிவிடக்கூடியது, ஆனால் குறைக்க வேண்டியது டாக்டர். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது "தூக்கம் இல்லை சார்" என்று மட்டும் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரை எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எப்போது படுத்தது, எப்போது விழித்தது, எத்தனை தடவை ஒன்றுக்கு எழுந்தது, சாயங்காலச் சர்க்கரை எவ்வளவு. நான் நீட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். புரதம் குறைந்திருந்தது, மாத்திரையும் படிப்படியாகக் குறைந்தது. இப்போது 10 மில்லிகிராமில் இருக்கிறேன், ராத்திரி தூங்குகிறேன். அளவு இறங்கிய ஒவ்வொரு முறையும் சில நாள் அசதியும் மூட்டுக்குடைச்சலும் இருந்தன. அதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த படி எப்போது இறங்கலாம் என்று முடிவு செய்ய அவருக்கு அது வேண்டும்.