உருளைக்கிழங்கு, செலரி, கொய்யா: தாவரத் திசுக்களைப் பிரித்தறிவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா என்று திசு வகைகள் மூன்றையும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். புதுப் படம் ஒன்றைக் காட்டினால் திணறுகிறார்கள். உயிரணுவின் வடிவத்தைப் பார்ப்பதுதான் காரணம். உயிரணுவின் சுவரைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உருளைக்கிழங்கு, செலரி, கொய்யா வாங்கிக்கொள்ளுங்கள். புது பிளேடு, கண்ணாடித் தகடு, மூடுதகடு, அயோடின், நுண்ணோக்கி வேண்டும். பிளேடு பிடிக்கும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: உருளைக்கிழங்கை, அடியில் வைத்த எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, தண்ணீரில் அலசுங்கள். அலசாவிட்டால் மாவுச்சத்து சுவரை மறைத்துவிடும். நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, மூடுதகட்டை ஒரு பக்கமிருந்து மெதுவாகச் சாய்த்து வையுங்கள். மெல்லிய சுவர், உள்ளே கருநீல மாவுமணிகள், ஆங்காங்கே இடைவெளி. இதுதான் பாரன்கைமா, உயிருள்ளது, உணவைச் சேமிப்பது.

படி 2: செலரித் தண்டின் வெளிப்பக்க வரம்புகளைத் தடவிப் பாருங்கள். உரித்தால் நார் வருமே, அந்த இடம். அதைக் குறுக்காகச் சீவி, வெறும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பளபளப்பான கொத்து தெரியும். சுவர் எங்கும் ஒரே தடிமனாக இராது. உயிரணுக்கள் சந்திக்கும் மூலைகளில்தான் தடித்திருக்கும். இது கோலன்கைமா. இதற்கும் உயிர் உண்டு. சுவரைக் கட்டையாக இறுக்கும் லிக்னின் என்ற பொருள் இல்லாமல் செல்லுலோசும் பெக்டினும் இருப்பதால், தண்டு நீளும்போது கூடவே நீளும், வளைந்தாலும் ஒடியாது. பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே அவசரப்படாமல் நாலைந்து துண்டு சீவிப் பாருங்கள்.

படி 3: கொய்யாவை மெல்லும்போது நறநறவென்று கடிபடுவதைக் கொஞ்சம் சுரண்டி, தண்ணீரில் வைத்து நசுக்குங்கள். சுற்றிலும் தடித்த சுவர், நடுவில் சின்னஞ்சிறு வெற்றிடம், அதிலிருந்து சுவருக்குள் ஓடும் மெல்லிய கோடுகள். லிக்னின் ஏறி இறந்துபோன கல் உயிரணுக்கள் இவை. ஸ்கிளிரன்கைமாவில் ஒரு வகை. நீண்ட நார்கள் இன்னொரு வகை.

ரப்பர் மரத்தின் வெளிப்பட்டையிலும் கல் உயிரணுக்கள் உண்டு. பால்குழாய்கள் அதிகம் இருப்பது உள்பட்டையில், கேம்பியத்தை (புதுப்பட்டையையும் கட்டையையும் உண்டாக்கும் மெல்லிய அடுக்கை) ஒட்டி. பால் வெட்டுகிறவர் உளியை அந்தக் கடினப் பட்டையைத் தாண்டி இறக்க வேண்டும், ஆனால் கேம்பியத்தைத் தொடக்கூடாது. தொட்டால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அடுத்த முறை வெட்டுவது சிரமம். நம் தாத்தா பாட்டிமார் நுண்ணோக்கி இல்லாமல் கைப்பழக்கத்திலேயே இதைச் செய்தார்கள்.

படம் வரையும்போது சுவருக்கு இரட்டைக் கோடு போடுங்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தடிமன். கோலன்கைமாவுக்கு மூலைகளில் மட்டும் அதை அகலமாக்குங்கள்.